ரெகுலேட்டரை மூட உங்க வீட்ல யாருக்குத் தெரியும்?

தீக்காயத்துக்கு என்ன களிம்பு போடலாம்னு நிறையப் பேர் கேக்கறீங்க. நான் திருப்பிக் கேக்கறேன்: கேஸ் கசிஞ்சா ரெகுலேட்டரை மூட உங்க வீட்ல எத்தனை பேருக்குத் தெரியுமுங்க? பல வீடுகள்ல அம்மாவுக்கு மட்டும்தான்.

சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது, தரையோட தேங்கி நிக்கும். ஒரு சின்னப் பொறி போதும். சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துட்டு, எல்லாரும் வெளியே வாங்க. அப்புறம் 1906க்குக் கூப்பிடுங்க.

காயம் பட்டா பேஸ்ட், இங்க், மாவு எதுவும் தடவாதீங்க. 20 நிமிஷம் குழாய்த் தண்ணியில காட்டுங்க. பெரிய காயம்னா அப்பவே 108.

கொடுமுடியிலிருந்து ஈரோடு கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். அதுவரைக்கும் வீட்ல இருக்கறவங்கதான் டாக்டர். இன்னைக்கு ராத்திரியே அப்பாவும் பசங்களும் ஒருதடவை மூடிப் பழகுங்க.