தூங்குகிற செயலியை எழுப்பிக் கொல்ல வேண்டாம்

போனில் ஒரு வேலை முடிந்ததும் கீழே இருக்கும் பொத்தானை அமுக்கி, வரிசையாக நிற்கிற செயலிகளையெல்லாம் விரலால் மேலே தள்ளிவிடுகிற பழக்கம் நம் வயதுக்காரர்களில் பலருக்கு இருக்கிறது. காலையில் பல் தேய்த்ததும் ஒரு தடவை, ராத்திரி படுக்கப் போகுமுன் ஒரு தடவை, நடுவில் ஞாபகம் வரும்போதெல்லாம். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடை முடித்து உட்காரும் நம் செட்டில் பாதிப் பேர் பேசிக்கொண்டே இதைச் செய்கிறார்கள். கேட்டால் ஒரே பதில்தான்: "பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கும் சார், பேட்டரியைத் தின்னுரும்."

இது வேண்டாத வேலை என்பது என் கட்சி. வெறும் வேண்டாத வேலை என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, இரண்டு பேர் மட்டும் வீட்டில் இருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இதில் கெடுதலும் இருக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆளில்லாத ரூமில் லைட் எரிந்தால் அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட தலைமுறை நாம். குழாயைச் சொட்ட விடமாட்டோம், ஃபேனை அணைக்காமல் வெளியே போகமாட்டோம். நல்ல பழக்கம்தான், ஆனால் போனில் அது வேலைக்கு ஆகாது. ஒரு கணக்குச் சொல்கிறேன். இன்றைய போன்களில் சாதாரணமாக 5000 மில்லி ஆம்பியர் பேட்டரி இருக்கிறது. அதை அடியிலிருந்து முழுசாக ஏற்ற, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, ஏறக்குறைய 25 வாட்-மணி மின்சாரம் செலவாகும். 75 வாட் சீலிங் ஃபேன் இருபது நிமிஷம் சுற்றினால் ஆகிற செலவு அவ்வளவுதான். தினமும் முழுசாக ஏற்றினாலும் வருஷத்துக்கு ஒன்பது பத்து யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகத் தருகிற ஊரில் இதற்காக விரலைத் தேய்க்க வேண்டாம்.

"கரன்ட் செலவு இல்லை சார், சாயங்காலத்துக்குள்ள சார்ஜ் இறங்கிடுது" என்பீர்கள். நியாயம். அதற்குத்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முப்பத்து நாலு வருஷம் தொலைபேசித் துறையில் இருந்தவன் என்பதால் என் பாஷையிலேயே சொல்கிறேன். பழைய லேண்ட்லைன் போனில் ரிசீவர் தன் இடத்தில் வைத்திருக்கும்போது லைனில் கரன்ட் ஓடுவதே கிடையாது. எக்சேஞ்சில் பேட்டரி ரூமில் 48 வோல்ட் தயாராக நிற்கும். ஆனால் அந்த வீட்டு போன் ஒன்றும் இழுக்காது. யாராவது கூப்பிட்டால் எக்சேஞ்சுதான் மணி அடிக்கிற மின்சாரத்தை அனுப்பும். போன் தூங்கும், எக்சேஞ்ச் விழித்திருக்கும். ஆண்ட்ராய்டிலும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான். வாட்ஸ்அப் தனியாக, ஜிமெயில் தனியாக, பேங்க் செயலி தனியாக என்று ஒவ்வொன்றும் நெட்டில் காது வைத்துக் காத்திருப்பதில்லை. கூகுளின் ஒரே ஒரு இணைப்பு எல்லாருக்கும் பொதுவாக விழித்திருக்கிறது. சேதி வந்தால் அது சம்பந்தப்பட்ட செயலியை மட்டும் தட்டி எழுப்பும். மற்றவை பாட்டுக்குத் தூங்கும்.

அந்த வரிசையில் நிற்கிற படங்களைப் பார்த்து எல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று நினைக்கிறோம். அது நீங்கள் கடைசியாகத் திறந்தவற்றின் பட்டியல், அவ்வளவே. பலவும் உறைந்து கிடக்கும். சில ஏற்கெனவே மூடப்பட்டிருக்கும், படம் மட்டும்தான் பாக்கி.

2010 வாக்கில் ஆண்ட்ராய்டு புதுசாக இருந்தபோது இந்தச் சந்தேகத்துக்குக் கொஞ்சம் நியாயம் இருந்தது. அப்போதைய செயலிகள் இஷ்டத்துக்கு விழித்தன, 'டாஸ்க் கில்லர்' என்று தனியாகவே செயலிகள் பிரபலமாக இருந்தன. அதற்குப் பிறகு வைகையில் தண்ணீர் நிறையவே போய்விட்டது. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-இல், போனைத் தொடாமல் மேஜையில் வைத்துவிட்டால் சிறிது நேரத்தில் மொத்தத்தையும் தூங்க வைத்து, அவ்வப்போது மட்டும் எழுப்புகிற ஏற்பாடு வந்தது. 2017-இல் ஆண்ட்ராய்டு 8, பின்னணியில் செயலிகள் என்னென்ன செய்யலாம் என்பதற்கு வேலி போட்டது. 2018-இல் ஆண்ட்ராய்டு 9, நீங்கள் எந்தச் செயலியை அடிக்கடி தொடுகிறீர்கள், எதைத் தொடுவதே இல்லை என்று பார்த்து வைத்துக்கொண்டு, தொடாததற்குப் படி அளப்பதைக் குறைத்தது. நாம் விரலால் செய்ய நினைக்கிற வேலையை நம்மைவிடப் பொறுப்பாக அது செய்துகொண்டிருக்கிறது. 2016-இலேயே, கூகுளில் ஆண்ட்ராய்டுக்குத் தலைவராக இருந்த ஹிரோஷி லாக்ஹைமரிடம் இதைக் கேட்டார்கள். செயலிகளைத் தள்ளி மூடுவதால் பேட்டரிக்கு லாபம் இல்லை, ஒருவேளை கொஞ்சம் நஷ்டமே வரலாம் என்றார். அதே மாதம் ஐபோன் பக்கத்தில் ஆப்பிளின் கிரெய்க் ஃபெடரிகியும் தேவையில்லை என்றுதான் பதில் எழுதினார்.

நஷ்டம் எப்படி வரும்? டீக்கடை பாய்லரை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு டீக்கும் பாய்லரை அணைத்து, அடுத்த ஆள் வந்ததும் பச்சைத் தண்ணீரிலிருந்து கொதிக்க வைத்தால் கடைக்காரர் என்ன ஆவார்? பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திறக்கிற வாட்ஸ்அப்பை நாம் அப்படித்தான் நடத்துகிறோம்.

மெமரி விஷயத்திலும் இதே குழப்பம். ராம் என்கிற தற்காலிக நினைவகம் காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் ஒரே அளவு மின்சாரம்தான் எடுக்கும். நம் மாரியம்மன் தெப்பக்குளம் வறண்டு கிடந்து பையன்கள் உள்ளே இறங்கி கிரிக்கெட் ஆடிய வருஷங்களை மறந்திருக்க மாட்டீர்கள். காலியான குளத்தைப் பார்த்து யாராவது "ஆஹா, எவ்வளவு இடம்" என்று சந்தோஷப்பட்டோமா? நினைவகமும் நிறைந்து கிடப்பதற்குத்தான் இருக்கிறது. இடம் போதாவிட்டால் எதை முதலில் வெளியே அனுப்ப வேண்டும் என்று போனுக்கே தெரியும்.

"ஸ்டோரேஜ் ஃபுல்" என்று வருகிறதே, அது வேறு சங்கதி. அது பீரோ, ராம் என்பது எழுதுகிற மேஜை. மேஜையைத் துடைத்தால் பீரோ காலியாகாது. பீரோவை நிறைப்பது யார் என்று உங்களுக்கே தெரியும்: சூரிய உதயம், ரோஜாப்பூ, அதன்மேல் காலை வணக்கம். 2018-இல் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையே இந்தியர்களின் 'குட் மார்னிங்' படங்கள் போன்களை அடைப்பது பற்றி எழுதியது. கூகுள் அந்தச் சமயத்தில் கொண்டுவந்த ஃபைல்ஸ் செயலியில் அந்தப் படங்களைத் தேடிப் பிடித்து அழிக்கத் தனியாக ஒரு வசதியே வைத்தார்கள். வாட்ஸ்அப்பில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்தி வையுங்கள், பாதிக் கவலை தீரும். (எனக்கு அனுப்புகிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், பார்த்துவிட்டுத்தான் அழிக்கிறேன்.)

இனி கெடுதலுக்கு வருகிறேன்.

என்னோடு நடக்க வருகிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். படுக்கப் போகுமுன் செட்டிங்ஸுக்குள் போய் ஒவ்வொரு செயலியாக 'ஃபோர்ஸ் ஸ்டாப்' அமுக்கிவிட்டுத்தான் படுப்பார். வெறுமனே மேலே தள்ளுவதைவிட இது கடுமையானது. அப்படி நிறுத்தப்பட்ட செயலி, நீங்களாகத் திறக்கிற வரைக்கும் செத்தது மாதிரிதான். சேதி வராது, மணி அடிக்காது, அது வைத்திருந்த நினைவூட்டல் எதுவும் பேசாது. அவர் மகன் சிங்கப்பூரில். இவருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு ராத்திரி வாட்ஸ்அப்பில் நாலைந்து முறை கூப்பிட்டிருக்கிறான். இங்கே சத்தமே இல்லை. கடைசியில் மாடியில் குடியிருப்பவருக்குப் போன் போட்டு, "மாமா, அப்பா எப்படி இருக்காங்கன்னு ஒரு எட்டு பார்த்துச் சொல்லுங்களேன்" என்று கெஞ்சியிருக்கிறான். பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் வீட்டம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த அம்மாவின் தைராய்டு மாத்திரைக்கு வைத்திருந்த நினைவூட்டலும் பல நாளாக வாயைத் திறக்கவில்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அலாரம் கெட்டுப்போய்விட்டது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சில கம்பெனி போன்களில் ஃபோர்ஸ் ஸ்டாப் வரை போகவே வேண்டாம். மேலே தள்ளினாலே கிட்டத்தட்ட அதே கதிதான். பேட்டரி நிறைய நேரம் நிற்கிறது என்று விளம்பரத்தில் சொல்வதற்காக அந்தக் கம்பெனிகளே செயலிகளை அளவுக்கு மீறிக் கொல்கின்றன. போதாததற்கு நாமும் சேர்ந்துகொள்கிறோம்.

எல்லாவற்றிலும் மோசம், 'கிளீனர்', 'பூஸ்டர்', 'பேட்டரி சேவர்' என்ற பெயரில் வருகிற செயலிகள். மற்றவர்களைத் தூங்கச் சொல்வதற்காகத் தான் ராப்பகலாக விழித்திருந்து, நடுவில் விளம்பரமும் காட்டுகிறவை. 2020 பிப்ரவரியில் கூகுள், தொந்தரவு விளம்பரம் காட்டியதற்காக ஏறக்குறைய 600 செயலிகளைத் தன் கடையிலிருந்து தூக்கியது. கிளீன் மாஸ்டர் என்ற பிரபலமான செயலியின் கம்பெனியும் அதில் மாட்டியது. அதே வருஷம் ஜூன் 29-ஆம் தேதி நம் மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்ததே, எல்லாரும் டிக்டாக்கைப் பற்றி மட்டும் பேசினோம். அந்தப் பட்டியலில் கிளீன் மாஸ்டர், டியூ பேட்டரி சேவர், டியூ கிளீனர், வைரஸ் கிளீனர் எல்லாம் இருந்தன. அதே சரக்கு இன்றும் வேறு வேறு பெயரில் வந்துகொண்டிருக்கிறது. போனில் இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

அப்படியானால் சார்ஜ் எங்கே போகிறது? பெரும்பாலும் திரையில். வெளிச்சத்தைக் குறையுங்கள், அரை நிமிஷத்தில் தானாக அணைகிற மாதிரி வையுங்கள். அடுத்தது சிக்னல். உசிலம்பட்டிப் பக்கம் தோட்டத்துக்குப் போகும் நாளில் சீக்கிரம் இறங்குகிறதே, டவர் எட்டாத இடத்தில் போன் தொண்டை கிழியக் கத்துகிறது என்று அர்த்தம். மூன்றாவது வெயில். அக்கினி நட்சத்திரத்தில் பைக் டேங்க் கவரில் வைத்துப் போனால் அந்த நாள் சார்ஜ் மட்டும் இல்லை, பேட்டரியின் ஆயுசே குறையும். எப்படி வைத்தாலும் அதற்கு வயசாகும். 2025 ஜூன் முதல் ஐரோப்பாவில் விற்கிற போன்களின் பேட்டரி 800 தடவை ஏற்றி இறக்கிய பிறகும் பழைய சக்தியில் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். உங்கள் போனுக்கு நாலு வயசு என்றால் நல்ல கடையில் பேட்டரியை மாற்றுங்கள். விரலால் தள்ளி அதற்கு இளமை திரும்பாது.

நிறுத்தவே கூடாதா என்றால், அப்படிச் சொல்லவில்லை. ஒரு செயலி உறைந்துபோய் நின்றால் மூடலாம். ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் மேப் வழி சொல்லிக்கொண்டிருந்தால் மூடலாம். செட்டிங்ஸில் பேட்டரி என்ற இடத்தில் எது எத்தனை சதவீதம் தின்றது என்று பட்டியல் இருக்கும். நீங்கள் தொடாத ஏதாவது அதில் மேலே நின்றால் மூடாதீர்கள், அடியோடு அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பேங்கில் இருந்து பேசுகிறேன் என்று எவனோ ஏற்றச் சொன்ன செயலி உள்ளே இருந்தால் ஒரு நிமிஷம்கூட வைக்காதீர்கள். எனிடெஸ்க் போன்ற செயலியை ஏற்றச் சொல்லி, தூரத்தில் இருந்தே போனைப் பார்த்துப் பணம் எடுக்கிறார்கள் என்று 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளை எச்சரித்தது. பின்னணியில் எது ஓடினால் பயப்பட வேண்டும் என்றால் இதுதான். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930.

தள்ளுகிற கையை வேறு வேலைக்கு அனுப்புகிறேன். வாட்ஸ்அப், மாத்திரை நினைவூட்டல், சர்க்கரை அளவு பார்க்கிற செயலி, உங்களுக்கு எவை முக்கியமோ அவற்றின் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் 'ஆப் இன்ஃபோ' வரும். அதற்குள் பேட்டரி என்று போனால் பெரும்பாலான புது போன்களில் மூன்று வழி காட்டும்: அன்ரெஸ்ட்ரிக்டட், ஆப்டிமைஸ்டு, ரெஸ்ட்ரிக்டட். இந்த நாலைந்து செயலிகளுக்கு மட்டும் முதலாவதைப் போடுங்கள். மற்றதெல்லாம் நடுவில் இருக்கட்டும். மாத்திரை நேரத்துக்குப் போனுடன் வந்த கடிகாரத்திலும் ஒரு அலாரம் வைத்துவிடுங்கள். ஒன்று தவறினால் இன்னொன்று.

பிறகு போனை ஒரு மணி நேரம் தொடாமல் மேஜையில் வைத்துவிட்டு, மகனையோ மகளையோ வாட்ஸ்அப்பில் கூப்பிடச் சொல்லிப் பாருங்கள். மணி அடிக்காவிட்டால் போன் மாடல் பெயரோடு கீழே கமென்டில் எழுதுங்கள். எந்த இடத்தில் மாற்ற வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.