கம்பைலர் மாற்றமும் பிழை அறிவித்தலும்

புனே நகரின் பாணேர்ப் பகுதியை அடுத்துள்ளது பாஷாண். இந்திய வெப்பமண்டல வானிலையியல் கழகம் இங்குதான் இயங்கி வருகிறது. 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் இக்கழகத்தின் 'அர்கா' என்னும் பெருங்கணினி தொடங்கி வைக்கப்பட்டது. அதன் வேகம் 11.77 பெட்டாஃப்ளாப். ஆயினும், உலகெங்கும் வானிலைக் கணிப்புக்குப் பயன்படும் நிரல்களிற் பெரும்பகுதி 1957-இல் வெளிவந்த ஃபார்ட்ரான் மொழியின் வழிவந்ததே. நிரலைப் பொறியறியும் ஆணைகளாக மாற்றித் தருவது கம்பைலர். பொறி புதியது, நிரல் பழையது. இடையில் நிற்கும் கம்பைலரோ ஆண்டுக்கொரு பதிப்பாக மாறிக்கொண்டிருக்கிறது. தொல்லை பிறக்கும் இடம் இதுவே.

கட்டற்ற மென்பொருளாக 1987 முதல் வழங்கிவரும் ஜி.சி.சி. கம்பைலரின் பத்தாம் பதிப்பு 2020 மே மாதத்தில் வெளிவந்தது. ஒரே துணைநிரலை ஓரிடத்தில் முழு எண்ணைக் கொடுத்தும், வேறோரிடத்தில் மெய்யெண்ணைக் கொடுத்தும் அழைக்கும் ஃபார்ட்ரான் நிரல்களை அது பிழையெனத் தள்ளியது. பல்லாண்டுகள் ஓடிய நிரல்கள் பல நின்றுபோயின. பழையபடி எச்சரிக்கையோடு விட்டுவிடுமாறு கம்பைலருக்குக் கூறும் ஒரு தெரிவும் உண்டு. அதனைச் சேர்த்தவுடன் வேலை நடக்கிறது. பெரும்பாலோர் அத்துடன் அதனை மறந்துவிடுகின்றனர்.

அவ்வாறு மறப்பது தவறு. பல கணினிகளுக்கிடையே செய்தி அனுப்பும் எம்.பி.ஐ. துணைநிரல்கள் எவ்வகை எண்ணையும் ஏற்கும்படி அமைந்தவை. அங்கு எழும் முறையீடு பழைய வழக்கத்தால் வந்தது, தீங்கற்றது. ஆனால் எட்டு பைட்டு எண்ணை எதிர்பார்க்கும் துணைநிரலுக்கு நான்கு பைட்டு எண்ணைக் கொடுப்பது உண்மையான குற்றம். விடை பிழையாகும், பொறி நில்லாது. கம்பைலர் இரண்டுக்கும் ஒரே செய்தியைத்தான் தருகிறது. நிரல் முழுவதற்கும் அத்தெரிவை இட்டவர் முன்னதோடு பின்னதையும் சேர்த்து மூடிவிடுகிறார். மழையளவு தவறாக வந்தால் அதன் காரணத்தைப் பின்னர் யார் தேடுவது? தேவைப்படும் கோப்புக்கு மட்டும் அத்தெரிவை இடுவதும், காரணத்தை அருகில் எழுதிவைப்பதும் அரைநாள் வேலைதான்.

கல்லூரி ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. சி மொழியில், அறிவிக்கப்படாத செயற்கூறு முழு எண்ணைத் தரும் எனக் கொள்ளும் பழைய வழக்கத்தை 1999-ஆம் ஆண்டுத் தரநிலை நீக்கிவிட்டது. ஜி.சி.சி. அதனைப் பிழையாக்கியதோ 2024 மே மாதத்தில் வந்த பதினான்காம் பதிப்பில். கால் நூற்றாண்டு எச்சரித்தது போதாதா? நினைவிடம் பெற்றுத் தரும் மல்லாக்கை முறையாக அறிவிக்காது அழைத்தால், 64 பிட்டுப் பொறியில் முகவரியின் பாதி இழக்கப்படலாம். பாடநூல் நிரல் ஓடவில்லையெனப் பழைய கம்பைலரை நிறுவுமாறு மாணவர்க்குக் கூறுவது நோயை விட்டு வெப்பமானியை மாற்றுவதாகும்.

எல்லாக் குற்றமும் நிரலுடையதன்று. எத்தகைய நிரலைக் கொடுத்தாலும் கம்பைலர் தானே நிலைகுலைந்து நின்றுவிடுமாயின், அது கம்பைலரின் பிழையே. அதனை அறிவிப்பதற்குப் பக்ஸில்லா என்னும் பொதுப் பதிவேடு உள்ளது. கம்பைலரின் சரியான பதிப்பு, இயங்குதளம், இட்ட ஆணை முழுவதும், கிடைத்த செய்தி எழுத்துக்கெழுத்து, பிழையைக் காட்டும் நிரல் ஆகியவை வேண்டும். திரையைப் படமெடுத்து அனுப்புவது உதவாது. "புதிய பதிப்பில் ஓடவில்லை" என்ற ஒற்றை வரியால் ஒருவருக்கும் பயனில்லை.

அரசு நிரலை வெளியே அனுப்பலாமா என்ற தயக்கம் நியாயமானதே. ஆனால் ஆயிரம் வரி நிரலை, பிழை மறையாத அளவுக்குக் குறைத்துக்கொண்டே சென்றால் பெரும்பாலும் இருபது வரிதான் எஞ்சும். அதில் அலுவலகத் தரவு எதுவும் இராது. குறைக்கும்போதே குற்றம் தம்முடைய நிரலில்தான் எனத் தெரியவருவதும் உண்டு. அப்போது அறிவிப்பு அந்நிரலின் ஆசிரியர்க்குச் செல்லவேண்டும்.

இப்பணி அலுவலக நேரக் கணக்கில் இடம்பெறாததே இங்குள்ள பெருங்குறை. இலவசமாய்ப் பெற்றதற்கு உழைப்பு எதற்கு என்று கேட்கும் மேலதிகாரிகளும் இருக்கின்றனர். புதிய பதிப்பை நிறுவுமுன், விடை தெரிந்த சில சோதனைகளைப் பழையதிலும் புதியதிலும் ஓட்டி ஒப்பிடுவதற்கு ஒருநாளும், கண்ட பிழையை எழுதியனுப்ப மற்றொரு நாளும் ஒதுக்கித் தருவது அவர்கள் கையில் உள்ளது. கல்லூரிகளில் செய்முறைப் பதிவேட்டின் பயிற்சிகளுள் ஒன்றை எடுத்துவிட்டு, பிழையுள்ள ஒரு நிரலை இருபது வரிக்குக் குறைத்து அறிக்கை எழுதும் பயிற்சியை அவ்விடத்தில் வைக்கலாம்.