தட்டைத் திருப்பிப் பாருங்கள்

கோடைக்கானல் பங்களாக்களில் புழங்கிய இங்கிலீஷ் பீங்கான் தட்டு ஒன்று உங்களிடம் விலைக்கு வருகிறது. "முதன்முதலில் மலையேறிய பாதிரிமார் கொண்டுவந்தது" என்று ஒருவர் சொன்னால் உடனே மயங்கிவிட வேண்டாம். அந்த அமெரிக்கப் பாதிரிமார் அங்கே வீடு கட்டியது 1845-ஆம் வருஷம். தட்டைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள்.

'இங்கிலாந்து' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால், அது பெரும்பாலும் 1891-க்குப் பிற்பட்டது. இறக்குமதிச் சரக்கில் அது உற்பத்தியான நாட்டின் பெயர் இருக்கவேண்டுமென்று அமெரிக்கா 1890-இல் இயற்றிய சுங்கச் சட்டமே இதற்குக் காரணம். ஆகவே, சொல்லிய வயதில் 46 வருஷமாவது தள்ளிவிடலாம். 'மேட் இன் இங்கிலாந்து' என்றிருந்தால் அநேகமாக இருபதாம் நூற்றாண்டுச் சரக்குதான்.

வைர வடிவமான முத்திரை, 1842 முதல் 1883 வரை வழங்கிய பதிவு அடையாளம். 1884 முதல் அதற்குப் பதிலாகப் பதிவு எண் வந்தது. எனினும், பதிவு குறிப்பது மாதிரி பதிவான காலத்தையே. தட்டு பின்னரும் செய்யப்பட்டிருக்கலாம். முத்திரை இல்லாமை பழமைக்குச் சாட்சியன்று. போலி முத்திரைகளும் உண்டு. மண்ணின் தன்மை, மெருகு, சித்திர வேலை ஆகியவற்றையும் சேர்த்தே முடிவு செய்யவேண்டும்.

இன்னொன்று: 1914-ஆம் வருஷ வாக்கில் மோட்டார் ரஸ்தா அமையுமுன், மலைக்குச் சென்ற சாமான்களில் பெரும்பகுதி பெரியகுளத்துப் பக்க அடிவாரத்திலிருந்து கூலியாட்களின் தலைச்சுமையாகவே ஏறிற்று. செய்தவர் பெயர் தட்டின் அடியில் இருக்கிறது. உடையாமல் சுமந்தவர் பெயர் எங்கும் இல்லை. தட்டின் வயதை அறிய விரும்புவோர் அவர்களையும் சற்றே நினைத்தல் நன்று.