பெயர் யாருக்குச் சொந்தம்?

ஸ்தாபகர் போனபின் மிஞ்சியது வெறும் பெயர்தான் என்று 'பிளீட்வுட் மேக்' ராக் கோஷ்டியைப் பழிக்கும் ரசிக சிகாமணிகளை ஒன்று கேட்கிறேன். 1967-ல் லண்டனில் அதைத் தொடங்கிய கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீன் தம் பெயரையா அதற்கு வைத்தார்? டிரம் வாசித்த பிளீட்வுட், பேஸ் கிட்டார் வாசித்த மெக்வீ, இருவர் பெயரையுமல்லவா சேர்த்து வைத்தார்! 1970-ல் அவர் விலகினார். பிறகு எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். தாளம் பிடித்த அந்த இருவர் நகரவில்லை.

1974-ல் கோஷ்டியின் மானேஜர், பெயர் தம்முடையது என்று சொல்லி, வேறு ஆட்களை அமெரிக்க மேடைகளில் ஏற்றினார். அந்தச் சுற்றுப்பயணம் பாதியில் கவிழ்ந்தது. வெறும் பெயர் போதுமென்றால் அது ஏன் எடுபடவில்லை? அந்த இருவரோடு புதியவர்கள் சேர்ந்து 1977-ல் தந்த 'ரூமர்ஸ்' இசைத்தட்டு கோடிக்கணக்கில் விற்றதே, அது எப்படி?

விதைத்தவரை வணங்குவோம். அதற்காக, நின்று நீர் பாய்ச்சியவர்களைப் போலி என்பது நியாயமா?