எல்லோருக்கும் நீதி, பேஸ் கிட்டாருக்கு மட்டும் இல்லை

மெட்டாலிக்கா இசைக்குழு பற்றிய ‘சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்’ (2004) ஆவணப்படத்தை, அமைப்புக்குள் மனம்விட்டுப் பேசக் கற்றுத்தரும் படம் என்று தோழர்கள் சிலர் பரிந்துரைக்கிறார்கள். நாங்களும் பார்த்தோம். எங்களுக்கு அப்படித் தெரியவில்லை.

கோடீஸ்வரர்கள் மூவர், மாதம் 40,000 டாலர் கொடுத்து ஓர் ஆலோசகரை வைத்துக்கொண்டு தங்கள் காயங்களைப் பேசுகிறார்கள். பேசட்டும். குடியிலிருந்து மீளச் சிகிச்சை பெற்றுத் திரும்பும் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் தவிப்பு உண்மையானது. அதை நாங்கள் கேலி செய்யவில்லை. எங்கள் கேள்வி அந்த அறையில் இல்லாத நான்காவது ஆளைப் பற்றியது.

பேஸ் கிட்டார் வாசித்த ஜேசன் நியூஸ்டெட். 1986இல் பேருந்து விபத்தில் இறந்த கிளிஃப் பர்ட்டனின் இடத்துக்கு வந்தவர். வந்த நாள் முதல் ‘புதுப் பையன்’ என்று சீண்டல். 1988இல் வந்த ஆல்பத்தில் அவருடைய பேஸ் காதில் விழாத அளவுக்குக் குறைக்கப்பட்டது. அந்த ஆல்பத்தின் பெயர் ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’. எல்லோருக்கும் நீதியாம்! 14 ஆண்டுகள் உழைத்தவரின் பெயர், பாடல் ஆக்கியவர்கள் பட்டியலில் வந்தது மூன்றே பாடல்களுக்கு. வேறொரு குழுவிலும் வாசிக்கிறேன் என்றார். அது மெட்டாலிக்காவின் பலத்தைக் குறைக்கும் என்று ஹெட்ஃபீல்ட் மறுத்தார். 2001 ஜனவரியில் நியூஸ்டெட் வெளியேறினார்.

படத்தில் ஒரு காட்சி. நியூஸ்டெட்டின் புதுக் குழு வாசிப்பதைக் கேட்க டிரம்மர் லார்ஸ் உல்ரிச்சும் மற்றவர்களும் போகிறார்கள். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் அவரைத் தேடுகிறார்கள். அவர் ஏற்கெனவே கிளம்பிப் போய்விட்டார். இரண்டே கால் மணி நேரப் படத்தில் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்த்தது இதைத்தான்.

இது சாதி அல்ல. அமெரிக்க ராக் நட்சத்திரங்களின் சண்டையைச் சேரியோடு ஒப்பிடும் அபத்தத்தை நாங்கள் செய்யமாட்டோம். ஆனால் ‘பலம் குறையும்’ என்ற அந்த வாதம் எங்கள் காதுக்குப் பழகியது. அருந்ததியர் தோழர் உள்ஒதுக்கீடு பற்றிப் பேச எழுந்தால் ‘ஒற்றுமை குலையும், அப்புறம் பார்ப்போம்’ என்கிறோம். கூட்டத்தைத் தொடங்கிவைக்கப் பறை வேண்டும். பறையடித்த தம்பிக்கு மைக் கிடையாது. துண்டறிக்கையை இரவெல்லாம் உட்கார்ந்து எழுதிய தோழியின் பெயர் அதில் இருக்காது. பேனரில் மட்டும் சமத்துவம் கொட்டை எழுத்தில் இருக்கும்.

இந்தப் படத்தைத் திரையிடப்போகும் தோழர்கள், உங்கள் அமைப்பைவிட்டுப் போனவர்களையும் கூப்பிடுங்கள். எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிவிட்டுப் படத்தைத் தொடங்குங்கள்.