வருத்தம் யாருக்கு வேண்டும்?

1992இல் ‘தேவர் மகன்’ வந்தது. அஞ்சு தேசிய விருது வாங்கியது. நடிப்பையும் திரைக்கதையையும் விமர்சகர்கள் பக்கம் பக்கமாகப் புகழ்ந்தார்கள். அதன் பாட்டு தென்மாவட்டங்களில் சாதிப் பெருமைப் பாட்டாக முழங்கியதை எழுதினவர் எத்தனை பேர்?

2023இல் ‘மாமன்னன்’ பாடல் வெளியீட்டு விழாவில், கமல்ஹாசன் முன்னாலேயே மாரி செல்வராஜ் அந்தப் படம் தந்த வலியைச் சொன்னார். அதுக்கப்புறம் சிலருக்குத் தங்கள் பழைய விமர்சனம் உறுத்துகிறதாம். ‘அப்போ தெரியலை’ என்கிறார்கள். உங்களுக்குத் தெரியலை, சேரிக்குத் தெரிந்திருந்தது. நீங்கதான் கேட்கவில்லை.

எங்க காஞ்சிபுரத்தில் தறியில் இழை அறுந்தால், நிறுத்தி முடிச்சுப் போட்ட பிறகுதான் மேலே நெய்வார்கள். வருத்தப்பட்டால் புடவை சரியாகிவிடுமா? எனக்கு உங்க மன்னிப்பு வேண்டாம். எந்த வரி யாரை மறைத்தது என்று, புகழ்ந்த அதே இடத்தில் திருத்தி எழுதுங்கள். அதுவரை உங்க வருத்தம் உங்க வீட்டுச் சமாச்சாரம்.