கப்பலேறும் புட்டிக்கு ஒரு நீதி, கடையில் விற்கும் புட்டிக்கு ஒரு நீதியா?

கொல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகத்திலிருந்து ஒரு புட்டி இருமல் மருந்து வெளிநாட்டுக்குச் செல்ல வேண்டுமானால், அரசு ஆய்வகத்தின் சான்று கட்டாயம் என்று 2023 ஜூன் 1 முதல் மத்திய அரசு விதி செய்தது. 2022இல் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள் மாண்டதும், இந்திய மருந்துகளின் மீது உலக சுகாதார அமைப்பின் எச்சரிக்கை பாய்ந்ததுமே இதற்குக் காரணம். சான்று வழங்கும் ஆய்வகங்களுள் கொல்கத்தாவிலுள்ள மத்திய மருந்து ஆய்வகமும் இடம்பெற்றது. ஆனால் அதே மருந்து கிடர்பூர் கடைத்தெருவில் விற்பனைக்கு வருமானால், அந்தச் சான்று கேட்கப்படவில்லை.

இந்தப் பாகுபாட்டின் விலையை 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டம் செலுத்தியது. கோல்ட்ரிஃப் என்னும் மருந்தைக் குடித்த 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். மருந்தைத் தயாரித்தது காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீசன் நிறுவனம். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வில், அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலைக் கரைப்பான் 48.6 விழுக்காடு இருந்தது தெரியவந்தது. அனுமதிக்கப்பட்ட அளவோ 0.1 விழுக்காடு. உரிமையாளர் கைதானார், உரிமம் ரத்தானது. சாவுக்குப் பின் நடந்த இந்த ஆய்வு, விற்பனைக்கு முன் நடந்திருக்க வேண்டாமா?

இதே நஞ்சு 1972இல் சென்னையிலும், 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையிலும், 1998இல் குர்கானிலும், 2019-20இல் ஜம்முவின் ராம்நகரிலும் உயிர்களைக் குடித்தது. அமெரிக்காவில் 1937இல் இந்த நஞ்சு நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மறு ஆண்டே அந்நாடு புதிய மருந்துச் சட்டம் இயற்றியது. இங்கு விசாரணைகள் மட்டுமே வளர்ந்தன.

வீட்டில் விழிப்பு தேவையில்லை என்பதல்ல இதன் பொருள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைத் தரக்கூடாது என்றும், ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாகப் பரிந்துரைப்பதற்கில்லை என்றும் 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்ககம் அறிவுறுத்தியது. குழந்தைகளின் சளியும் இருமலும் பெரும்பாலும் தாமே தணிபவை. கோல்ட்ரிஃப் போன்ற கலவைகளில் காய்ச்சலுக்கான பாராசிட்டமாலும் அடங்கியிருப்பதால், தனியே காய்ச்சல் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகும். சமையலறைக் கரண்டியால் அளப்பதும், பெரியவர்களின் மருந்தைக் குறைத்துக் கொடுப்பதும் ஆபத்தானவை. மருந்து குடித்த குழந்தைக்குச் சிறுநீர் குறைந்தாலோ, வாந்தி நீடித்தாலோ, மூச்சு திணறினாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

எனினும், கரைப்பானில் கலந்த நஞ்சை எந்தத் தாயின் கண்ணும் கண்டறியாது. சீட்டெழுதும் மருத்துவராலும் இயலாது. அதைக் கண்டறியக் கூடியது ஆய்வகம் ஒன்றே. ஒவ்வொரு புட்டியையும் சோதித்தால் செலவாகும் என்போர் உண்டு. ஒவ்வொரு புட்டியும் தேவையில்லை. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி போதும். செலவு குறைந்த சோதனை முறைகளும் உள்ளன.

அயல்நாட்டுக் குழந்தைக்கு வாய்த்த பாதுகாப்பு உள்நாட்டுக் குழந்தைக்கும் உரியது. ஏற்றுமதிக்குச் சாத்தியமான சோதனையை உள்நாட்டு விற்பனைக்கும் கட்டாயமாக்குவதே மத்திய அரசின் கடமை.